ஆறு வருட உழைப்பு ஏன் அந்தத் தாளில் ஏறவில்லை?

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஈச்சனாரிக்கு அருகிலுள்ள ஒரு பம்புத் தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் ஆறு வருடங்களை நிறைவு செய்திருக்கிறார். பிடித்தங்களுக்கு முன் மாதச் சம்பளம் 20,500 ரூபாய். எட்டு மாதங்களாக நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியும் இரண்டே இரண்டு இடங்களிலிருந்துதான் அழைப்பு வந்தது. இருக்கும் இடத்தில் சம்பள உயர்வு கேட்டால் "பார்க்கலாம்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. ரெஸ்யூமேயை எப்படித் திருத்துவது, சம்பளத்தை எப்படிக் கேட்பது, வேலை மாறினால் எதையெல்லாம் இழக்க நேரும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக (ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவராக) இருக்கும் தம் அக்காவுக்கும் இவை பொருந்துமா என்பதும், அப்பாவின் மருந்து மாத்திரைகள் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. மூலமாக வருவதால் அது நின்றுவிடுமோ என்ற கவலையும் கடிதத்தில் இருக்கின்றன.

கோவையின் இயந்திரத் தொழிற்சாலைகளில், பணியாளர் துறையில் 26 வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் ரெஸ்யூமேயையும் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்று நம்புவது எனக்குக் கடினமாக இருந்தது.

ரெஸ்யூமேயில் ஆறு வருட வேலையைப் பற்றி மூன்றே வரிகள் உள்ளன. உள்வரும் பொருள்களைச் சோதிக்கும் பொறுப்பு, வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல், ஐ.எஸ்.ஓ. ஆவணங்களைப் பராமரித்தல். இந்த மூன்றும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் செய்ய வேண்டிய வேலையின் பெயர்களே தவிர, நீங்கள் செய்த வேலை அல்ல. கடிதத்திலோ, வேறு ஏதோ சொல்ல வந்த இடத்தில், போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். ஃபவுண்டரி எனும் வார்ப்பாலையிலிருந்து வரும் வால்யூட் கேசிங்குகளில் (பம்பின் சுருள் வடிவ வெளிக்கூடுகளில்) நூற்றுக்கு ஒன்பது, உள்ளே காற்றுக் குழி விழுந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தன என்றும், நீங்கள் ஒரு வருடம் நோட்டுப் போட்டு எந்த நாளில் எத்தனை கழிந்தது என்று எழுதிவந்து, மழை நாள்களில்தான் அது அதிகமாகிறது என்பதைக் கண்டு, மணலின் ஈரப்பதத்தை அளந்து கட்டுப்படுத்தும்படி ஃபவுண்டரிக்காரரை ஒத்துக்கொள்ள வைத்தீர்கள் என்றும், இப்போது நூற்றுக்கு மூன்றுதான் திரும்புகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் ரெஸ்யூமே அந்த வாக்கியம்தான். அதை எனக்குச் சொன்ன நீங்கள், வேலை கொடுக்கப்போகிறவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

இது உங்கள் ஒருவரின் குறை அல்ல. நம் ஊர்ப் பட்டறைகளில் வளர்ந்தவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். "எல்லா வேலையும் பார்ப்பேனுங்க" என்பதுதான் அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் பெரிய வார்த்தை. அதற்கு மேல் போனால் தற்பெருமையாகிவிடும் என்று கூச்சப்படுகிறார்கள். சிறிய தொழிற்சாலையில் ஒரே ஆள் காஸ்டிங்கைச் சோதிப்பார், ஃபவுண்டரியோடு பேசுவார், பம்பை எடுத்துக்கொண்டு சிட்டார்க் பரிசோதனைக் கூடத்துக்குப் போவார், தணிக்கைக்கு வருகிறவரைக் கூட்டிக்கொண்டு சுற்றுவார், விவசாயி ஒருவர் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டால் காங்கேயம் வரைக்கும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டும் வருவார். பெரிய நிறுவனத்தில் இவை நான்கு பேருடைய நான்கு பதவிகள். "எல்லா வேலையும்" என்று ஒரே சொல்லில் சுருட்டும்போது அந்த நான்கும் சேர்ந்து மறைந்துபோகின்றன. தூரத்தில் இருந்து படிக்கிறவருக்கு உங்கள் கூச்சம் தெரியாது, வெற்றிடம்தான் தெரியும்.

நான் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருந்தபோது செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும். பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் தேடிய சமயத்தில், "மெயின்டனன்ஸ் வேலை, 11 வருடம்" என்று மட்டும் இருந்த ஒரு பயோடேட்டாவை ஒதுக்கிவைத்தேன். அந்த மனிதர் இரண்டு வாரம் கழித்து நேரில் வந்து, வாசலில் காத்திருந்த நேரத்தில் எங்கள் காவலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். தான் வேலை பார்த்த நூற்பாலையில் எந்த இயந்திரம் எந்த இடைவெளியில் நிற்கும் என்பதை அவர் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகக் கேட்டேன். உடனே எடுத்துக்கொண்டோம், அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையில் அவர் பலருக்கு ஆசானாக இருந்தார். அன்று நான் அந்தப் பக்கம் நடந்து போயிருக்காவிட்டால் அவர் திரும்பிப் போயிருப்பார். அதற்குப் பிறகு பயோடேட்டாக்களைக் கூடுதல் பொறுமையோடு படித்தேன் என்றாலும், எல்லோரும் அப்படிப் படிப்பார்கள் என்று நம்பி நீங்கள் எழுதக் கூடாது.

ஏனென்றால், முதல் பார்வைக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அதற்குள் படிக்கிறவரின் கண் நான்கைத் தேடும்: என்ன பொருள் செய்யும் இடத்தில் இருந்தார், எந்தக் கருவிகளையும் இயந்திரங்களையும் கையாள்வார், எத்தனை வருடம், எங்கிருந்து வேலைக்கு வந்துபோவார். இந்த நான்கும் முதல் பக்கத்தின் மேல் பாதியில் இருக்க வேண்டும். உங்கள் தாளில் அந்த இடத்தை "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் வாக்கியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, "பம்பு மற்றும் மோட்டார் உற்பத்தியில் 6 வருடத் தர ஆய்வு அனுபவம், வார்ப்பு, மெஷினிங், இறுதிச் சோதனை ஆகிய மூன்று நிலைகளிலும் பணி" என்று தொடங்கும் இரண்டு வரிகளை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

அடுத்துக் கருவிகளும் தர நிர்ணயங்களும். வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். நீர்மூழ்கிப் பம்புகளை ஐ.எஸ். 8034 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படியும், மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்த மோனோபிளாக் பம்புகளை ஐ.எஸ். 9079இன்படியும் சோதித்திருக்கிறேன் என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். ரெஸ்யூமேயில் இந்த எண்கள் இல்லவே இல்லை. பம்புத் தொழிலில் இருக்கும் ஒருவர் அந்த இரண்டு எண்களைக் கண்டவுடன், உங்களுக்கு முதல் மூன்று மாதம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்வார். பெரிய நிறுவனங்கள் இப்போது முதல்கட்ட வடிகட்டலை மென்பொருளால் செய்கின்றன. ஆகவே அவர்களுடைய விளம்பரத்தில் இருக்கும் சொல்லும் உங்கள் தாளில் இருக்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது நல்லது. அவர்கள் சி.எம்.எம். என்று கேட்டிருக்க, நீங்கள் "அளவிடும் இயந்திரம்" என்று எழுதினால் அந்த மென்பொருள் உங்களைத் தாண்டிப் போய்விடக்கூடும். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதச் சொல்லவில்லை. தெரிந்ததை அவர்கள் அழைக்கும் பெயரால் எழுதுங்கள் என்கிறேன்.

வேலையைப் பற்றிய ஒவ்வொரு வரியும் மூன்று கேள்விகளுக்குப் பதிலாக இருக்க வேண்டும்: முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், பிறகு எப்படி ஆனது. "வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல்" என்பதற்குப் பதிலாக, மாதம் எத்தனை புகார் வந்தது, அவற்றில் எது அதிகம், ஒரு புகாரை முடிக்க முன்பு எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை நாள் என்று எழுதுங்கள். எண் துல்லியமாக நினைவில் இல்லையென்றால் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பதிவேட்டில் இல்லாததை ஊகித்து எழுதாதீர்கள். நேர்காணலில் நல்ல தொழில்நுட்ப மேலாளர் கேட்கும் இரண்டாவது கேள்வியே "இந்த மூன்று சதவீதத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். செய்தவருக்கு அது மகிழ்ச்சியான கேள்வி. கட்டிச் சொன்னவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பளபளப்பான வாக்கியங்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். இலக்கணத்தைத் திருத்திக்கொள்ள அதைப் பயன்படுத்துங்கள். உங்கள் வேலையை உங்களுக்காக அது கற்பனை செய்ய விடாதீர்கள். ஒரே வாரத்தில் பத்துப் பேரிடமிருந்து ஒரே வாக்கியம் வந்தால், படிக்கிறவருக்கு எல்லோர் மீதும் நம்பிக்கை குறைந்துவிடுகிறது.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருட அனுபவத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கம் போதும். அப்பா பெயர், மதம், இரத்த வகை, உயரம் இவையெல்லாம் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் பயோடேட்டாவுக்குத்தான் வேண்டும், வேலைக்கு வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இப்போது எடுத்துவிடலாம். "தமிழ் 90%, தலைமைப் பண்பு 80%" என்ற வண்ணக் கோடுகளையும் எடுத்துவிடுங்கள். பி.டி.எஃப். கோப்பாக, உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் கோப்புக்குப் பெயராக வைத்து அனுப்புங்கள். நாற்பது இடங்களுக்கு ஒரே தாளை அனுப்புவதைவிட, பத்து இடங்களுக்கு அந்தந்த விளம்பரத்தைப் படித்து மேல்வரிகளை மாற்றி அனுப்புவது மேல். இன்னொன்று: கோவையில் வேலைகள் இணையதளத்தில் தோன்றுவதற்கு முன்பே வாய்வழியாகத் தெரிந்துவிடுகின்றன. கொடிசியா வளாகத்தில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிக்குப் போங்கள். உங்கள் நிறுவனத்துக்கு இன்செர்ட், கேஜ், பேரிங் விற்க வருகிறவர்களோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொழிற்சாலையில் புதிய லைன் போடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இனிச் சம்பளம். நம் பகுதியின் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஒரு குடும்பம் நடத்துபவை. அங்கே சம்பளம் என்பது முதலாளி பார்த்துச் செய்வது என்ற எண்ணம் இரண்டு பக்கமும் ஊறியிருக்கிறது. அந்த உறவில் நல்லதும் உண்டு. வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் மறுயோசனை இல்லாமல் முன்பணம் கொடுக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நன்றியும் ஊதியமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், கேட்கிறவர் வாய் திறக்க முடியாமல் போகிறது. தீபாவளி போனஸை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ள ஊழியருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்று சட்டம் வகுத்திருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட கையோடு சம்பள உயர்வு கேட்கத் தயங்குகிறீர்கள் என்றால், உரிமையைச் சலுகையாக எண்ணுகிறீர்கள். ஆனாலும் நடைமுறை யோசனையாகச் சொல்கிறேன்: தீபாவளியை ஒட்டிக் கேட்காதீர்கள், இரண்டும் ஒன்றாகிவிடும். ஏப்ரலில் உயர்வு கொடுக்கும் நிறுவனம் என்றால், அடுத்த ஆண்டுச் செலவுக் கணக்குப் போடும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ கேளுங்கள்.

கேட்கும்போது வீட்டு வாடகை, தங்கையின் கல்யாணம், விலைவாசி இவற்றைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். அவை உண்மைதான், ஆனால் அவற்றைக் கேட்ட முதலாளிக்கு இரக்கம் வரும், இரக்கம் முன்பணத்தில் முடிந்துவிடும். அதே காற்றுக் குழிக் கணக்கை ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். மாதம் 2,000 கேசிங் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைந்தால் மாதம் 120 கேசிங் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் மெஷினிங் செய்த பிறகு குழி தெரிந்தால் வீணாகும் கூலி, மின்சாரம், டூல் தேய்மானம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஒரு காஸ்டிங்குக்கு 150 ரூபாய் என்று குறைவாக வைத்தாலும் மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. கணக்கிலேயே வளர்ந்த முதலாளிகளுக்கு இந்தத் தாள் புரிகிற அளவுக்கு வேறு எதுவும் புரியாது. இதை வைத்துவிட்டு, "அடுத்த ஏப்ரலில் 26,000 எதிர்பார்க்கிறேனுங்க, அதற்கு நான் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்றால் சொல்லுங்க" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபடியும் "பார்க்கலாம்" என்று வந்தால், எந்தத் தேதியில் பார்க்கலாம் என்று மரியாதையோடு கேட்டு, அந்தத் தேதியில் திரும்பப் போங்கள். இரண்டாவது முறையும் அதே பதில் என்றால் விடை கிடைத்துவிட்டது, வெளியே தேடுங்கள். வெளியே வேலை கிடைத்துவிட்டது என்று பொய்யாக மிரட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். கோவைத் தொழில் உலகம் சிறியது.

வெளியிலிருந்து வரும் சம்பளத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் சொன்னால், மாதம் 35,000 கைக்கு வரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 17,500 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம் 2,100 ரூபாய். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டிக்கு) ஒதுக்கும் 4.81 சதவீதம் சுமார் 842 ரூபாய். ஆண்டு இறுதியில் தருவதாகச் சொல்லும் ஊக்கத்தொகை 24,000 என்றால் மாதத்துக்கு 2,000. இவற்றைக் கழித்தால் 30,058. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 2,100 போனால் கைக்கு 27,958 ரூபாய், தொழில் வரி தனி. இதைத்தான் இப்போது உங்கள் கைக்கு வரும் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். பி.எஃப்.க்குப் போவது உங்கள் பணமே என்பதால் அதை இழப்பாக நினைக்க வேண்டாம். இதே தொகைக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை என்றால் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்துப் பாருங்கள். பொள்ளாச்சியில் வீட்டிலிருந்து கிணத்துக்கடவு வழியாகப் பேருந்தில் வந்துபோகிறவருக்கு அது உயர்வே அல்ல என்று ஆகலாம். கற்றுக்கொள்ளப் பெரிய வாய்ப்பு இருந்தால் மட்டும் அந்தக் கணக்கை மீறிப் போகலாம் என்பது என் கருத்து.

கற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் துறையில் டிப்ளமோவோடு மேலே ஏறுவதற்கு மிக நேரான வழி, சி.எம்.எம். இயந்திரத்தில் புரோகிராம் எழுதக் கற்பதும், வரைபடத்தில் வடிவியல் அளவுக் குறியீடுகளைப் பிழையில்லாமல் வாசிப்பதும்தான். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு வகுத்திருக்கும் ஐந்து மையங்களில் கோவையும் சேலமும் உள்ளன. ராணுவத் தளவாடப் பாகங்களைச் செய்யும் இடங்களில் அளவு பார்க்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு உண்டு. வேலையை விடாமல் மாலையில் படிக்கும் பகுதிநேர பி.இ. வகுப்பைக் கோவையின் பழைய பொறியியல் கல்லூரிகள் பல்லாண்டுகளாக நடத்திவருகின்றன. ஷிப்ட் ஒத்துவந்தால் அதையும் யோசியுங்கள்.

விலகும்போது எதையெல்லாம் இழப்பேன் என்று கேட்டீர்கள். ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டதால் பணிக்கொடை உங்களுக்குச் சேரும். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 12,000 என்றால் ஆறு வருடத்துக்கு 41,538 ரூபாய். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணில்) புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத் தகுதிக்குப் பத்து வருடப் பணி வேண்டும்; எடுத்துவிட்டால் இந்த ஆறு வருடம் கணக்கிலிருந்து போய்விடும். அனுபவச் சான்றையும் விடுவிப்புக் கடிதத்தையும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்றால், அறிவிப்புக் காலத்தை முழுமையாக முடித்துக் கொடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை வங்கியிலும் மறு பகுதியைக் கையிலும் கொடுக்கும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், அடுத்த நிறுவனம் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும்தான் பார்க்கும் என்பதால், முழுத் தொகையும் வங்கிக்கு வரும்படி இப்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்காவுக்கு இவை அப்படியே பொருந்தும், எண்கள்தான் வேறு. ஒரு சீசனில் எத்தனை ஸ்டைல்களைப் பார்த்தார், எத்தனை பையர்களை (ஆடை வாங்கும் நிறுவனங்களை) கையாண்டார், சாம்பிள் ஒப்புதலுக்கு எத்தனை நாள் எடுத்தது, எத்தனை ஆர்டர்கள் விமானத்தில் அனுப்ப வேண்டிய நெருக்கடி இல்லாமல் கப்பலிலேயே போய்ச் சேர்ந்தன என்று எழுதட்டும். கடைசி எண்ணின் மதிப்பு திருப்பூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாவின் மருந்து விஷயத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது முடிவையே மாற்றக்கூடியது என்பதுதான். இ.எஸ்.ஐ. உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். நீங்கள் அதன் விளிம்பில் நிற்கிறீர்கள். இப்போதைய நிறுவனத்திலேயே சம்பளம் உயர்ந்து அதைத் தாண்டினால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற பங்களிப்புக் காலங்களில் நடப்புக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடரும், காப்பும் தொடரும். அதைத் தாண்டிய சம்பளத்தில் புதிய இடத்தில் சேர்ந்தால் நீங்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே. ஆகவே சம்மதம் சொல்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: குழு மருத்துவக் காப்பீடு உண்டா, அதில் பெற்றோர் சேர்வார்களா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் நாளிலிருந்தே செல்லுமா. அந்தக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு உதவாது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ உங்கள் ஊர் மருந்தகத்திலோ அப்பா இப்போது வாங்கும் மருந்துகளின் சீட்டை எடுத்துக்கொண்டு வெளிக் கடையில் ஒரு மாத விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 27,958இலிருந்து அதைக் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் உங்கள் உண்மையான புதிய சம்பளம். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கும்போது, அந்த மருந்துச் செலவையும் மேலே கூட்டிச் சொல்லுங்கள்.